குறைந்த வெளிச்சத்தில் கூர்மையான படம்: செட்டிங்கை எந்த வரிசையில் தொடுவது?

ஒற்றை விளக்கு எரியும் அறையில் எடுத்த படம் கேமராவின் சின்னத் திரையில் பளிச்சென்றுதான் தெரியும். கணினியில் போட்டுப் பெரிதாக்கும்போதுதான் குட்டு வெளிப்படும். முகம் கலங்கியிருக்கும், அல்லது முகத்தை விட்டுவிட்டுப் பின்னால் உள்ள சுவர் கூர்மையாக இருக்கும், அல்லது எல்லாமே மெழுகு பூசியதுபோல வழவழவென்று இருக்கும். உடனே ‘இந்த கேமரா இருட்டுக்கு லாயக்கில்லை’ என்று முடிவுகட்டிவிடுவோம்.

பெரும்பாலும் கேமரா மேல் தப்பில்லை. செட்டிங்கைத் தொடும் வரிசை தலைகீழாக இருப்பதுதான் சிக்கல். ஐஎஸ்ஓ (கேமராவுக்குக் கிடைத்த வெளிச்சத்தைப் பெருக்கிக் காட்டும் அளவு) ஏறினால் படம் கெட்டுவிடும் என்று எங்கோ கேட்டதை நம்பி, புதிதாகக் கற்பவர்கள் அதை 400, 800 என்று பூட்டிவிட்டு மற்றதை கேமராவிடம் விட்டுவிடுகிறார்கள். வெளிச்சம் போதாத கேமரா வேறு என்ன செய்யும்? ஷட்டர் வேகத்தை, அதாவது வெளிச்சம் உள்ளே விழும் நேரத்தை, 1/10 விநாடிக்கு இறக்கிவிடும். அந்த வேகத்தில் உங்கள் கையும் ஆடும், எதிரில் இருப்பவரும் அசைவார்.

முதலில் ஷட்டர், அடுத்து அப்பர்ச்சர் (லென்ஸ் துவாரத்தின் அளவு), மிச்சக் கணக்கை ஐஎஸ்ஓ கட்டட்டும். கையில் பிடித்து எடுக்கும் படங்களுக்கு இதுதான் வரிசை. ட்ரைபாட் வந்துவிட்டால் கணக்கு மாறும். அதைப் பிறகு பார்க்கலாம்.

முதலில் எது கெட்டது என்று பாருங்கள்

கலங்கிய படம் என்று ஒரே பெயர் வைத்துவிடுகிறோமே தவிர, அதற்குள் நான்கு வேறு வேறு கோளாறுகள் இருக்கின்றன. ஒன்றுக்கான மருந்து மற்றொன்றுக்கு வேலை செய்யாது. ஆகவே படத்தை 100 சதவீதத்துக்குப் பெரிதாக்கி, கண் இருக்கும் இடத்துக்குப் போங்கள். விழியில் விளக்கின் பிரதிபலிப்பு ஒரு வெள்ளைப் புள்ளியாகத் தெரியும். அந்தப் புள்ளியைப் பார்த்தே கோளாறைச் சொல்லிவிடலாம்.

புள்ளி சின்னக் கோடாகவோ புழுபோல வளைந்தோ இழுபட்டிருந்தால் ஏதோ அசைந்திருக்கிறது. இப்போது பின்னணியைப் பாருங்கள். அங்கே உள்ள விளக்குகளும் விளிம்புகளும் அதே திசையில், அதே அளவு இழுபட்டிருந்தால் கை ஆடியிருக்கிறது. பின்னணி கூர்மையாக இருந்து ஆள் மட்டும் இழுபட்டிருந்தால் ஆடியது ஆள். புள்ளி கோடாகாமல், ஓரம் மங்கிய வட்டமாக உப்பியிருந்தால் ஃபோகஸ் தப்பியிருக்கிறது. காது, சட்டைக் காலர், பின்னால் உள்ள சுவர் என்று வேறு எங்காவது கூர்மை போய் உட்கார்ந்திருக்கும், தேடினால் கிடைக்கும். புள்ளி சரியாகவே இருந்து, இமைமுடிகளும் தோலின் நுண்கோடுகளும் மட்டும் வழித்துப்போட்டதுபோல இருந்தால், அது கேமரா நாய்ஸை (படத்தில் தெரியும் புள்ளிப் பிசிறை) அழிக்கிறேன் என்று விவரத்தையும் சேர்த்து அழித்த வேலை.

சில படங்களில் இரண்டு மூன்று கோளாறுகள் ஒன்றாகவே குடியிருக்கும். அப்போது அசைவை முதலில் தீருங்கள். அசைவு போனால்தான் ஃபோகஸ் சரியா தப்பா என்றே தெரியும்.

ஷட்டர்: இரண்டு கணக்கில் எது வேகமோ அது

கை ஆட்டத்துக்கு ஒரு கணக்கு, எதிரில் இருப்பவரின் அசைவுக்கு ஒரு கணக்கு. இரண்டையும் போட்டு, வேகமானதை எடுத்துக்கொள்ள வேண்டும்.

கை ஆட்டத்துக்குப் பழைய விதி இன்றும் உதவும்: 1-ஐ லென்ஸின் குவியத் தூரத்தால் (லென்ஸில் மி.மீ.யில் எழுதியிருக்கும் எண்) வகுங்கள். 50 மி.மீ. லென்ஸ் என்றால் 1/50, 200 மி.மீ. என்றால் 1/200. இது முழு ஃப்ரேம் (பழைய 35 மி.மீ. ஃபிலிம் அளவு) சென்சாருக்கான கணக்கு. அதைவிடச் சிறிய ஏபிஎஸ்-சி சென்சார் என்றால் குவியத் தூரத்தை 1.5 ஆலும் (கேனன் என்றால் 1.6), இன்னும் சிறிய மைக்ரோ ஃபோர் தேர்ட்ஸ் என்றால் 2 ஆலும் பெருக்கிவிட்டு வகுக்க வேண்டும். ஏபிஎஸ்-சி கேமராவில் 50 மி.மீ. போட்டால் 1/75, அதாவது டயலில் 1/80. இந்த விதி ஃபிலிம் காலத்தது, அளவான பிரிண்ட்டுக்காகச் சொல்லப்பட்டது. 24 மெகாபிக்சலுக்கு மேல் உள்ள படத்தை 100 சதவீதத்தில் பார்த்துக் குறை சொல்லும் பழக்கம் உங்களுக்கு இருந்தால் அந்த வேகத்தை இரட்டிப்பாக்கிக்கொள்ளுங்கள்.

லென்ஸிலோ கேமராவுக்குள்ளோ ஆட்டத்தை அடக்கும் ஸ்டெபிலைசேஷன் இருந்தால் இந்தக் கணக்கு தளரும். 4 ஸ்டாப் (ஒரு ஸ்டாப் என்றால் வெளிச்சம் இரட்டிப்பு அல்லது பாதி) என்று சொல்லியிருந்தால், கோட்பாட்டின்படி 50 மி.மீ.யில் 1/50-க்குப் பதில் 1/3 விநாடி வரை பிடிக்கலாம். நடைமுறையில் அதில் ஒரு ஸ்டாப்பைக் கழித்துவிட்டு நம்புவது நல்லது. முக்கியமான விஷயம், ஸ்டெபிலைசேஷன் அடக்குவது உங்கள் கையை மட்டும்தான். எதிரில் இருப்பவர் தலையைத் திருப்பினால் அதற்கு அது பொறுப்பேற்காது. புது கேமராவில் 1/15-ல் எடுத்த படங்களில் மேசை நாற்காலியெல்லாம் கத்திபோலக் கூர்மையாகவும் மனிதர்கள் மட்டும் ஆவிபோலவும் வருவது இதனால்தான்.

ஆள் அசைவுக்கு விதி என்று எதுவும் இல்லை, அனுபவ எண்கள்தான். படத்துக்காக அசையாமல் உட்கார்ந்திருப்பவருக்கு 1/60 போதும். உட்கார்ந்து பேசிக்கொண்டிருப்பவருக்கு 1/125. பேசும்போது கையும் தலையும் நாம் நினைப்பதைவிட வேகமாக அசையும். நடப்பவருக்கு 1/250. ஓடியாடும் குழந்தை, நடனம் என்றால் 1/500. உள்ளரங்க விளையாட்டுக்கு 1/800-லிருந்து 1/1000. ஆள் குறுக்கே போனால் அசைவு அதிகம் தெரியும், நம்மை நோக்கி வந்தால் குறைவாகத் தெரியும். அதேபோல் ஒரு நடனத்தில் ஆட்டக்காரர் கையை வீசி, நிறுத்தி, திசை மாற்றும் அந்த நொடியைப் பிடித்தால் 1/200-லேயே கூர்மையாக வரும். வேகம் போதாத கேமரா வைத்திருப்பவர்களுக்கு இந்த நொடியைக் காத்திருந்து பிடிக்கும் பழக்கம் ஒரு ஸ்டாப் வெளிச்சத்துக்குச் சமம்.

அப்பர்ச்சர்: திறக்கலாம், ஆனால் எவ்வளவு?

எஃப் எண் குறையக் குறைய துவாரம் பெரிதாகும். எஃப்/5.6-லிருந்து எஃப்/4, அதிலிருந்து 2.8, 2, 1.4 என்று ஒவ்வொரு படிக்கும் வெளிச்சம் இரட்டிப்பாகும். இந்த ஒவ்வொரு படியும் ஒரு ஸ்டாப்.

கேமராவோடு சேர்ந்து வரும் 18-55 மி.மீ. கிட் லென்ஸில் எஃப்/3.5-5.6 என்று எழுதியிருக்கும். 18-ல் எஃப்/3.5 வரை திறக்கும். ஜூம் பண்ணி 55-க்குப் போனால் எஃப்/5.6-க்குமேல் திறக்காது. அதாவது ஜூம் வளையத்தைத் திருகியே ஒன்றேகால் ஸ்டாப்புக்குமேல் வெளிச்சத்தை இழக்கிறீர்கள்; கூடவே கை ஆட்டமும் பெரிதாகத் தெரியும். ஆகவே இருட்டில் ஜூமைக் குறைத்துவிட்டு இரண்டடி முன்னால் போய் நில்லுங்கள். முகத்தை எடுக்கும்போது மட்டும் 18-ல் மூக்கருகே போய்விட வேண்டாம், மூக்கு பெருத்துவிடும். 30, 35 பக்கம் நிறுத்திக்கொள்ளலாம்.

பிரைம் லென்ஸ், அதாவது ஜூம் இல்லாத எஃப்/1.8 லென்ஸ், இருட்டுக்காகச் செய்யக்கூடிய உருப்படியான முதல் செலவு. எஃப்/5.6-க்கும் எஃப்/1.8-க்கும் இடையே மூன்றேகால் ஸ்டாப்புக்குச் சற்று கூடுதல், அதாவது கிட்டத்தட்ட பத்து மடங்கு வெளிச்சம். புது கேமரா வாங்கினால்கூட இவ்வளவு வித்தியாசம் எளிதில் கிடைக்காது.

ஆனால் முழுக்கத் திறந்த லென்ஸ் இன்னொரு பக்கம் கடன் கேட்கும். முழு ஃப்ரேமில் 50 மி.மீ. லென்ஸை எஃப்/1.8-ல் வைத்து ஒன்றரை மீட்டர் தூரத்தில் இருப்பவரை எடுத்தால், கூர்மையாக இருக்கும் ஆழம் சுமார் 10 செ.மீ.தான். 85 மி.மீ. லென்ஸில் அதே எஃப்/1.8, தூரம் 1 மீட்டர் என்றால் ஒன்றரை செ.மீ.; கண் கூர்மையாக இருந்தால் மூக்கு நுனி போய்விடும். இருவர் முன்பின்னாக உட்கார்ந்திருந்தால் ஒருவர் கட்டாயம் கலங்குவார். அவர்களைக் கேமராவுக்கு இணையாக ஒரே கோட்டில் உட்கார வையுங்கள், அல்லது எஃப்/2.8, எஃப்/4 என்று துவாரத்தைக் குறைத்துக்கொண்டு ஐஎஸ்ஓவை ஏற்றுங்கள். விலை குறைந்த பிரைம் லென்ஸ்கள் முழுத் திறப்பில் கொஞ்சம் மென்மையாகத்தான் இருக்கும். எஃப்/1.8 லென்ஸின் துவாரத்தை எஃப்/2.2-க்குக் குறைத்தாலே பல லென்ஸ்களில் கூர்மை கண்ணுக்குத் தெரிகிற அளவு ஏறும்.

ஐஎஸ்ஓ: பயம் எங்கிருந்து வந்தது?

ஐஎஸ்ஓ நாய்ஸை உண்டாக்குகிறது என்பது பாதி உண்மைகூட இல்லை. படத்தில் தெரியும் புள்ளிப் புள்ளியான நாய்ஸில் பெரும்பங்கு சென்சாருக்கு வெளிச்சம் போதாததால் வருவது. சட்டியில் இருந்தால்தானே அகப்பையில் வரும்! ஐஎஸ்ஓவை ஏற்றுவது இருக்கிற கொஞ்சத்தைப் பெருக்கிக் காட்டுவது. பெருக்கும்போது குறையும் சேர்ந்து பெரிதாகத் தெரிகிறது, அவ்வளவுதான்.

இதைப் புரிந்துகொண்டால் ஒரு பெரிய தவறு தானே நின்றுவிடும். ஐஎஸ்ஓ 800-லேயே நிறுத்தி, படத்தை இருட்டாக எடுத்து, ‘பிறகு கணினியில் வெளிச்சம் ஏற்றிக்கொள்ளலாம்’ என்று நினைப்பதுதான் அந்தத் தவறு. அதே ஷட்டர், அதே அப்பர்ச்சரில் ஐஎஸ்ஓ 6400 வைத்து எடுத்த படத்தைவிட, 800-ல் எடுத்து மூன்று ஸ்டாப் ஏற்றிய படம் எந்த விதத்திலும் சுத்தமாக இருக்காது. பல கேமராக்களில் அதைவிட மோசமாகவே இருக்கும்; நிழல் பகுதிகளில் ஊதா படியும், வரிவரியாகக் கோடு விழும்.

உங்கள் கேமராவின் எல்லையைப் பிறர் சொல்லித் தெரிந்துகொள்ள வேண்டாம். இரவில் வீட்டு விளக்கில், எழுத்தும் துணி மடிப்பும் உள்ள ஏதாவது ஒரு பொருளை ட்ரைபாடிலோ மேசையிலோ கேமராவை வைத்து ஐஎஸ்ஓ 800, 1600, 3200, 6400, 12800 என்று ஐந்து படம் எடுங்கள். ஒவ்வொரு முறையும் வெளிச்ச அளவு சரியாக இருக்கும்படி ஷட்டரை மட்டும் மாற்றுங்கள். நீங்கள் வழக்கமாகப் பார்க்கும் அளவில், அதாவது திரை முழுக்க வைத்து, அவற்றை ஒப்பிடுங்கள். 100 சதவீதத்தில் பார்த்தால் எந்தக் கேமராவும் பயமுறுத்தும். 6000 பிக்சல் அகலமுள்ள படத்தை 2000 பிக்சலுக்குச் சுருக்கும்போது ஒன்பது பிக்சல்கள் சேர்ந்து ஒன்றாகின்றன; நாய்ஸில் பெரும்பகுதி அங்கேயே கரைந்துவிடும். கலங்கிய முகத்துக்கு அப்படி எந்தக் கரைப்பானும் கிடையாது.

மஞ்சள் விளக்கில் மட்டும் ஐஎஸ்ஓ எண்ணைவிட நாய்ஸ் அதிகமாகத் தெரிகிறதா? பழைய இழை பல்பின் வெளிச்சத்தில் நீலம் மிகக் குறைவு. நிறத்தைச் சரிசெய்யும்போது கேமரா நீலத்தை மட்டும் தனியாகப் பெருக்குகிறது. நாய்ஸ் அங்கிருந்துதான் வருகிறது.

ஒரு அறை, ஒரு ஆள், மூன்று கணக்கு

இரவில் சாதாரணமாக விளக்கு எரியும் ஒரு அறை. ஒருவர் மேசையருகே உட்கார்ந்து பேசிக்கொண்டிருக்கிறார். கிட் லென்ஸை 55 மி.மீ.யில் வைத்து எஃப்/5.6, ஐஎஸ்ஓ 800 என்றால் இப்படிப்பட்ட அறையில் கேமரா ஏறக்குறைய 1/8 விநாடி கேட்கும். நமக்கு வேண்டியதோ 1/125. இடையில் நான்கு ஸ்டாப்.

அந்த நான்கையும் ஐஎஸ்ஓவிடமே வாங்கினால் 800, 1600, 3200, 6400, 12800 என்று போய் நிற்கும். முன்னால் நகர்ந்து 18 மி.மீ. எஃப்/3.5-க்கு வந்தால் ஐஎஸ்ஓ 5000-லேயே 1/125 கிடைக்கும். எஃப்/1.8 பிரைம் லென்ஸ் போட்டால் 1250 போதும். நான்காவதாக ஒரு வழியும் உண்டு, அதைத்தான் எல்லோரும் மறந்துவிடுகிறார்கள்: அவர் உட்கார்ந்திருக்கும் நாற்காலியை விளக்குப் பக்கம் நகர்த்துங்கள். சின்ன விளக்குக்கும் முகத்துக்கும் இடையே உள்ள தூரத்தைப் பாதியாக்கினால் வெளிச்சம் நான்கு மடங்கு, அதாவது இரண்டு ஸ்டாப் கூடும். கேமராவைத் தொடவே வேண்டாம்.

கேமராவை இப்படி அமைத்துக்கொள்ளுங்கள்

1. மோடு டயலை எம்-மில், அதாவது ஷட்டரையும் அப்பர்ச்சரையும் நீங்களே வைக்கும் மேனுவலில், வையுங்கள். ஐஎஸ்ஓவை ஆட்டோவில் விடுங்கள். மேல் எல்லையாக, மேலே சொன்ன சோதனையில் உங்களுக்குச் சம்மதமான எண்ணைக் கொடுங்கள். பெரும்பாலான இன்றைய கேமராக்களில் 6400 அல்லது 12800 வைக்கலாம்.
2. ஷட்டரை 1/125-ல் வையுங்கள். ஆள் அசைவுக்கு ஏற்ப ஏற்றி இறக்குங்கள்.
3. அப்பர்ச்சரை லென்ஸ் திறக்கும் அளவுக்கோ அதற்கு அரை ஸ்டாப் குறைவாகவோ வையுங்கள்.
4. படம் ரா கோப்பாக (கேமரா மெருகேற்றாத மூலத் தரவாக) பதியட்டும். ஜேபெக்தான் வேண்டும் என்றால் மெனுவில் அதிக ஐஎஸ்ஓவுக்கான நாய்ஸ் ரிடக்‌ஷனைக் குறைந்த அளவில் வையுங்கள். மெழுகு முகத்துக்குக் காரணம் அதுதான்.
5. மிரர்லெஸ் கேமராவில் (உள்ளே கண்ணாடி இல்லாத வகை) சத்தமில்லாத எலக்ட்ரானிக் ஷட்டரை அணைத்து மெக்கானிக்கல் ஷட்டருக்கு வாருங்கள். காரணம் கீழே.
6. பின்திரையின் வெளிச்சத்தைக் குறையுங்கள். இருட்டில் பழகிய கண்ணுக்கு அது மிகப் பிரகாசமாகத் தெரிந்து, இருட்டான படத்தையும் சரியான படம் என்று நம்பவைக்கும். திரையை நம்பாமல், படத்தில் இருட்டும் வெளிச்சமும் எவ்வளவு என்று காட்டும் வரைபடமான ஹிஸ்டோகிராமைப் பாருங்கள்.

எம் மோடு பயமாக இருந்தால், நீங்கள் அப்பர்ச்சரை மட்டும் வைக்கும் ஏ (கேனனில் ஏவி) மோடில் ஆட்டோ ஐஎஸ்ஓவுக்குக் குறைந்தபட்ச ஷட்டர் வேகம் என்று ஒரு வசதி பல கேமராக்களில் இருக்கும். அதை 1/125 என்று கொடுத்தாலும் ஏறக்குறைய இதே பலன்தான். ஆனால் ஐஎஸ்ஓ மேல் எல்லையைத் தொட்டுவிட்டால் கேமரா சொல்லாமல் கொள்ளாமல் ஷட்டரை இறக்கிவிடும். எம் மோடில் அப்படி நடக்காது. படம் இருட்டாகும், உங்களுக்கு உடனே தெரிந்துவிடும்.

வெளிச்சத்தை அளக்கும் கேமராவின் மீட்டர் இருட்டில் இரண்டு விதமாக ஏமாறும். ஃப்ரேம் முழுக்கக் கருமையாக இருந்தால் அதைச் சாம்பல் நிறமாக்கப் பார்த்து ஐஎஸ்ஓவை வீணாக ஏற்றும். மேடைக் காட்சிகளில் இது வழக்கம்: கறுப்புத் திரைக்குமுன் வெளிச்சத்தில் நிற்பவரின் முகம் வெள்ளையாக வெந்துபோகும். எக்ஸ்போஷர் காம்பன்சேஷனை (கேமரா கணித்த வெளிச்ச அளவைக் கூட்டிக் குறைக்கும் வசதி) -1 வைத்தால் முகமும் தப்பும், ஐஎஸ்ஓவும் பாதியாகும். நேர்மாறாக, ஃப்ரேமுக்குள் எரியும் விளக்கு இருந்தால் மீட்டர் அதைப் பார்த்து மிரண்டு முகத்தை இருட்டாக்கும், அப்போது +1. விளக்கின் நடுப்பகுதி வெள்ளையாகப் போனால் போகட்டும், அதில் பார்க்க ஒன்றும் இல்லை.

ஃபோகஸ்: பாதிப் படங்கள் இங்கேதான் போகின்றன

ஆட்டோ ஃபோகஸுக்கு வேண்டியது வெளிச்சம் மட்டுமல்ல, விளிம்பு. வெள்ளைச் சுவரின் நடுவில் வைத்தால் பகலில்கூடத் தடுமாறும். கண்ணாடி ஃப்ரேம், சட்டைக் காலர், தலைமுடி நெற்றியைச் சந்திக்கும் இடம் என்று கருப்பும் வெளுப்பும் சேரும் கோட்டில் வைத்தால் மங்கலிலும் சட்டென்று பிடிக்கும்.

கேமராவே புள்ளியைத் தேர்ந்தெடுக்கும் முறையை விட்டுவிட்டு ஒற்றைப் புள்ளிக்கு மாறுங்கள். அசையாத ஆளுக்கு ஏஎஃப்-எஸ் (ஒருமுறை பிடித்து நிற்கும் ஃபோகஸ்), நடமாடும் ஆளுக்கு ஏஎஃப்-சி (ஆளைத் தொடர்ந்து பின்தொடரும் ஃபோகஸ்). டிஎஸ்எல்ஆர் (உள்ளே கண்ணாடி உள்ள கேமரா) வைத்திருந்தால் இருட்டில் நடுப்புள்ளியை நம்புங்கள். கிடைமட்டம், செங்குத்து இரண்டு திசை விளிம்புகளையும் பிடிக்கும் குறுக்கு சென்சார் பெரும்பாலும் அங்கேதான் இருக்கும். மிரர்லெஸ் கேமராவில் கண்ணைக் கண்டுபிடிக்கும் வசதி ஓரளவு மங்கலிலும் நன்றாகவே வேலை செய்யும், முகத்தின் ஒரு பாதியாவது வெளிச்சத்தில் இருக்கும் வரை.

நடுப்புள்ளியில் ஃபோகஸ் பண்ணிவிட்டு, ஷட்டரைப் பாதி அழுத்தியபடியே கேமராவைத் திருப்பி ஃப்ரேமை மாற்றும் பழக்கம் எஃப்/5.6-ல் பரவாயில்லை. எஃப்/1.8-ல், கிட்டத்தில், அந்தத் திருப்பத்திலேயே கூர்மைத் தளம் ஓரிரு செ.மீ. நகர்ந்து கண்ணைத் தாண்டி காதுக்குப் போய்விடும். அதோடு எடுப்பவரும் எடுக்கப்படுபவரும் மூச்சு விடும்போதே முன்பின்னாக அசைகிறார்கள். ஃபோகஸ் பிடித்த உடனே அழுத்துங்கள். பிடித்து வைத்துக்கொண்டு காத்திருக்க வேண்டாம்.

விளம்பரத்தில் ‘-4 ஈவி வரை ஃபோகஸ் செய்யும்’ என்று போட்டிருப்பார்கள் (ஈவி வெளிச்சத்தின் அளவு; எண் குறையக் குறைய இருட்டு). அது பெரும்பாலும் எஃப்/1.2, எஃப்/1.4 போன்ற லென்ஸை வைத்துச் சொன்ன எண். உங்கள் எஃப்/5.6 லென்ஸில் அவ்வளவு இருட்டில் பிடிக்காது. லென்ஸ் முன்னும் பின்னும் ஓடித் தடுமாறினால், செல்போன் விளக்கை முகத்தில் ஒரு நொடி காட்டி ஃபோகஸ் பிடித்து, உடனே எம்எஃப்-க்கு (கையால் ஃபோகஸ் செய்யும் முறைக்கு) மாற்றிவிட்டு விளக்கை அணைத்துப் படம் எடுக்கலாம். இருவரும் இடம் மாறாதவரை ஃபோகஸ் அங்கேயே நிற்கும். கேமராவின் ஃபோகஸ் உதவி விளக்கும் இதே வேலையைச் செய்யும்; லென்ஸ் ஹூடோ விரலோ அதை மறைக்காமல் இருக்கிறதா என்று பாருங்கள்.

பிடிக்கும் விதம்

இடது கை லென்ஸின் அடியில், உள்ளங்கை மேல்நோக்கி. முழங்கைகள் விலாவோடு ஒட்டியிருக்கட்டும். வியூஃபைண்டர் இருந்தால் கண்ணில் வைத்து எடுங்கள். நெற்றி மூன்றாவது தாங்கலாகும். கையை நீட்டித் திரையைப் பார்த்து எடுப்பவர் அந்தத் தாங்கலை இழக்கிறார். சுவர், தூண், கதவு நிலை எது கிடைத்தாலும் தோளைச் சாய்த்துக்கொள்ளுங்கள். மூச்சைப் பாதி விட்டு நிறுத்தி, விரலைக் குத்தாமல் மெதுவாக அழுத்துங்கள்.

கேமராவைத் தொடர்ச்சியாக எடுக்கும் மோடில் வைத்து நான்கைந்து படம் ஒரே மூச்சில் எடுப்பது நல்ல வழி. முதல் படத்தில் விரல் அழுத்தும் ஆட்டம் இருக்கும், கடைசியில் விரலை எடுக்கும் ஆட்டம் இருக்கும். நடுவில் உள்ள ஒன்று பெரும்பாலும் மற்றவற்றைவிடக் கூர்மையாக இருக்கும்.

விளக்கு சிமிட்டுவதால் வரும் வரிகள்

படத்தில் குறுக்கே இருட்டு வரிகள், அல்லது தொடர்ந்து எடுத்த படங்களில் ஒன்று பளிச், ஒன்று மங்கல், ஒன்று மஞ்சள் என்று வந்தால் கேமரா பழுதில்லை. 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தில் டியூப்லைட்டும் பல எல்இடி விளக்குகளும் விநாடிக்கு 100 முறை ஏறி இறங்குகின்றன. 60 ஹெர்ட்ஸ் உள்ள நாடுகளில் 120 முறை. ஷட்டர் 1/500-ல் திறந்தால் அந்த ஏற்ற இறக்கத்தின் ஒரு துண்டுதான் கிடைக்கும். 50 ஹெர்ட்ஸில் 1/50 அல்லது 1/100, 60 ஹெர்ட்ஸில் 1/60 அல்லது 1/125 வைத்தால் முழுச் சுற்று உள்ளே வந்துவிடும். அதற்குமேல் வேகம் வேண்டுமென்றால் மெனுவில் ஆன்டி-ஃப்ளிக்கர் இருக்கிறதா பாருங்கள். விளக்கு உச்சத்தில் இருக்கும் நொடிக்காகக் காத்திருந்து ஷட்டரைத் திறக்கும். எலக்ட்ரானிக் ஷட்டர் சென்சாரை மேலிருந்து கீழாக மெதுவாகப் படிப்பதால் வரிகள் அதில் மோசமாக விழும். அதனால்தான் அதை அணைக்கச் சொன்னது.

ட்ரைபாட் இருந்தால் வரிசை புரளும்

கட்டடம், தெரு, அறையின் உட்புறம் என்று அசையாத எதையாவது எடுக்கிறீர்களா? இப்போது ஐஎஸ்ஓ 100, அப்பர்ச்சர் எஃப்/5.6 முதல் எஃப்/8, ஷட்டர் எத்தனை விநாடி ஆனாலும் ஆகட்டும். எஃப்/16-க்குப் போக வேண்டாம். துவாரம் சிறுத்தால் ஒளி விளிம்பில் வளைந்து கூர்மை குறையும்.

ட்ரைபாடின் நடுத்தண்டை உயர்த்தாமல், தடித்த மேல் கால்களை முதலில் நீட்டுங்கள். 2 விநாடி டைமர் அல்லது ரிமோட் வைத்து எடுங்கள். டிஎஸ்எல்ஆரில் கண்ணாடி துள்ளும் அதிர்வு 1/30 முதல் 1 விநாடி வரையிலான வேகங்களில் அதிகம் தெரியும். கண்ணாடியை முன்கூட்டியே தூக்கி நிறுத்தும் மிரர் லாக்-அப் போடுங்கள், இல்லையென்றால் லைவ் வியூவில் (பின்திரையைப் பார்த்தபடி) எடுங்கள். பழைய லென்ஸ்களின் ஸ்டெபிலைசேஷன் ட்ரைபாடில் இல்லாத ஆட்டத்தைத் தேடித் தானே ஆடும், அணைத்துவிடுங்கள். கையில் எடுக்கும்போது மறக்காமல் மறுபடி போடவும் வேண்டும்.

ஃபோகஸை லைவ் வியூவில் 10 மடங்கு பெரிதாக்கி, தூரத்து விளக்கு ஒன்று மிகச் சிறிய புள்ளியாகும் வரை கையால் திருகுங்கள். லென்ஸில் உள்ள முடிவிலிக் குறியோடு நிறுத்தினால் போதும் என்று நினைக்க வேண்டாம்; பல லென்ஸ்கள் அதைத் தாண்டியும் திரும்பும். விண்மீன்களுக்கும் இதே முறைதான். அவை நகர்வதால் 500-ஐ குவியத் தூரத்தால் வகுத்து வரும் விநாடிகளை ஒரு மேல் எல்லையாக வையுங்கள்: முழு ஃப்ரேமில் 20 மி.மீ. லென்ஸுக்கு 25 விநாடி. பெரிதாக்கிப் பார்த்தால் அதிலும் விண்மீன்கள் நீண்டு தெரியும். 300-ஐ வகுத்து 15 விநாடி வைத்தால் புள்ளியாக நிற்கும். தொடக்கத்துக்கு எஃப்/2.8, ஐஎஸ்ஓ 3200. 30 விநாடி படம் முடிந்தும் கேமரா இன்னொரு 30 விநாடி ‘பிஸி’ என்று காட்டினால் பயப்படாதீர்கள், லாங் எக்ஸ்போஷர் நாய்ஸ் ரிடக்‌ஷன் ஒரு கறுப்புப் படத்தை எடுத்துக் கழித்துக்கொண்டிருக்கிறது.

செல்போனில்

முதல் வேலை லென்ஸைத் துடைப்பது. விரல் ரேகை எண்ணெய்தான் விளக்குகளைச் சுற்றிப் பனிபோலப் படருகிறது. நைட் மோடு பல படங்களை எடுத்து ஒன்றாக அடுக்குகிறது, ஆகவே திரை சொல்லும் 2, 3 விநாடியும் போனை எதன்மீதாவது சாய்த்து வைத்திருங்கள். அசையும் ஆளுக்கு நைட் மோடு ஆகாது. அதை அணைத்துவிட்டு விளக்கருகே கூப்பிடுங்கள். ஜூம் வேண்டாம், முதன்மை கேமராவையே பயன்படுத்துங்கள். வெளிச்சம் குறைந்தால் பல போன்கள் தூரத்தைக் கிட்டத்தில் காட்டும் டெலி கேமராவை விட்டுவிட்டு முதன்மை கேமராவின் படத்தை வெட்டித்தான் ஜூம் என்று காட்டுகின்றன.

கணினியில்

நாய்ஸ் குறைப்பது முதலில், ஷார்ப்பனிங் பிறகு. மாற்றிச் செய்தால் நாய்ஸ் புள்ளிகளே கூர்மையாகும். நிறப் புள்ளிகளை நீக்கும் கலர் ஸ்லைடரைத் தாராளமாகவும், வெளிச்சப் புள்ளிகளை மென்மையாக்கும் லூமினன்ஸ் ஸ்லைடரைக் கஞ்சத்தனமாகவும் நகர்த்துங்கள். புருவத்து முடிகள் ஒன்றோடொன்று ஒட்ட ஆரம்பிக்கும் இடத்துக்குச் சற்று முன்னால் நிறுத்த வேண்டும். ஷார்ப்பனிங்கில் மாஸ்க்கிங் ஸ்லைடர் இருந்தால் அதை ஏற்றி, கண், முடி, துணி விளிம்புகளுக்கு மட்டும் கூர்மை போகவிடுங்கள். சுவரும் கன்னமும் அப்படியே இருக்கட்டும்.